கையக்காவின் இரண்டு மன்னர்கள்

பேருந்தில் ஜன்னலோர இருக்கை கிடைத்துவிட்டால், முதல் நிறுத்தம் வருவதற்குள் கையக்கா ஒரு தூதுவனை அனுப்பிவிடுவார். இரண்டாவது நிறுத்தத்தில் போர் மூண்டுவிடும். கைப்பையை மடியில் நிமிர்த்தி வைத்து, அதன் மறைவில் விரல்களாலேயே வாளை உருவி, கேடயம் தூக்கி, ஒருவன் கழுத்தைச் சீவி, அவனை நிதானமாகத் தரையில் சாய்ப்பார். முகமும் கூடவே வேலை செய்யும். கொல்கிறவனுக்கு ஒரு முகம், சாகிறவனுக்கு ஒரு முகம், மேலேயிருந்து வேடிக்கை பார்க்கிற கடவுளுக்கு இன்னொரு முகம். பக்கத்தில் உட்கார்ந்தவர்கள் பெரும்பாலும் மூன்றாவது நிறுத்தத்தில் எழுந்து வேறு இடம் பார்த்துக்கொள்வார்கள். "எனக்கு அதுல சௌகரியம்தான். தாராளமா உட்காந்துக்கலாம்" என்பார் கையக்கா.

பேராசிரியர் வாயால் சொல்வதைக் கையால் சொல்வது அவருடைய வேலை. பேருந்தில் நடப்பது அதற்கு ஒத்திகை. கல்லூரியில் வரலாறு படிக்கிறவர்களில் நான்கு பேருக்குக் காது கேளாது. ஒரு பெண், மூன்று பையன்கள். அவர்கள் முதல் வரிசையில் உட்கார்ந்திருக்க, பேராசிரியருக்குப் பக்கத்தில் நின்று பாடம் முழுவதையும் சைகை மொழியில் கொடுக்க வேண்டும். நியமனக் கடிதத்தில் இந்த வேலைக்கு நீளமாக ஒரு பெயர் இருக்கிறது. தட்டச்சு செய்தவரே அதை மறந்திருப்பார். வாயிற்காவலர் முதல் நூலகர் வரை எல்லோருக்கும் அவர் கையக்காதான்.

ஐம்பத்திரண்டு வயது. குள்ளம், கொஞ்சம் பூசினாற்போன்ற உடம்பு. எப்போதும் கறுப்பு அல்லது கருநீல உடைதான். பின்னால் அடர்த்தியான நிறம் இருந்தால்தான் விரல் எடுப்பாகத் தெரியும். மோதிரம், வளையல், நகப்பூச்சு எதுவும் கிடையாது. அந்தக் கைகளைக் கவனிக்கிற அளவுக்குத் தன்னைக் கவனித்ததில்லை என்று அவர் கணவருக்கு ஒரு மனக்குறை உண்டு. காய் நறுக்குவது, கொதிக்கிற பாத்திரத்தை இறக்குவது எல்லாம் கணவர் பாடு. "விரல்ல ஒரு கட்டு விழுந்தா போச்சு. பாதி சாமிங்க பேரைச் சொல்ல முடியாது" என்று சொல்லிவிட்டு நாற்காலியில் சாய்ந்துகொள்வார். முப்பது வருடக் குடித்தனத்தில் அந்த மனிதர் கற்றுக்கொண்ட சைகைகள் இரண்டே இரண்டு: சாப்பாடு, போதும். இரண்டையும் வைத்துக்கொண்டு எப்படியோ காலத்தை ஓட்டுகிறார்.

கையக்காவுக்கு இந்த மொழி வந்தது அண்ணனிடமிருந்து. அண்ணனுக்குப் பிறவியிலேயே காது கேளாது. அச்சகத்தில் புத்தகம் தைக்கிறார். ஐந்து வயதிலேயே தங்கை அவருக்கும் கடைக்காரருக்கும் நடுவில் நின்று பேரம் பேசியிருக்கிறாள். கடைக்காரரை அண்ணன் திட்டினால், பல்லைக் கடித்துக்கொண்டு அதையும் அப்படியே சொல்லியாக வேண்டும். நடுவில் நிற்கிறவருக்குச் சொந்தப் பேச்சு கிடையாது என்பது அப்போதே பிடிபட்டுவிட்டது. வகுப்பிலும் அதே சட்டம்தான். பேராசிரியர் "நான் நினைக்கிறேன்" என்றால் கையக்காவின் விரல் தன் மார்பைத் தொடும், நினைக்கிறவர் பேராசிரியர். முதல் வரிசைப் பெண் கை தூக்கினால் "சார், எனக்கு இது புரியல" என்று கையக்காவின் குரல் கேட்கும். புரியாதது அந்தப் பெண்ணுக்கு. கையக்காவுக்கே புரியாமல் போகிற நாட்களும் உண்டு. அதை அவர் யாரிடமும் சொல்வதில்லை.

பழங்காலத்து வீரர்களைப் பற்றி அவருக்கு உயர்ந்த அபிப்பிராயம் இல்லை. "சண்டைக்கு வந்தவன் சண்டை போட வேண்டியதுதானே? அவன் அப்பா யாரு, தாத்தா யாரு, அந்தக் கேடயத்தை யாரு அடிச்சுக் குடுத்தாங்க, எல்லாத்தையும் ஒப்பிச்சுட்டுத்தான் வாளையே எடுப்பான். அதுக்குள்ள எனக்குத் தோள்பட்டை கழண்டுபோகுது" என்பார். கடவுள்கள் மேல் வருத்தம் இன்னும் அதிகம். "காலைல ஒரு பக்கம், மத்தியானம் இன்னொரு பக்கம். நின்ன இடத்துல நிக்கறதே இல்ல." இத்தனைக்கும் அவர் பக்தி உள்ளவர். தினமும் காலையில் இரண்டு நிமிடம் கண்ணை மூடிக்கொண்டு, வாயைத் திறக்காமல், கையாலேயே வேண்டிக்கொள்வார். பாடத்தில் வருகிற கடவுள்கள் வேறு, தன்னுடையவர் வேறு என்று பிரித்து வைத்திருக்கிறார்.

ஒவ்வொரு மன்னனையும் எழுத்து எழுத்தாகப் பெயர் சொல்லிக்கொண்டிருந்தால் பாடம் முடியாது. அதனால் ஆளுக்கு ஒரு பட்டப்பெயர்ச் சைகை உண்டு. அதை வைக்கிற உரிமை காது கேளாதவர்களுடையது. கையக்கா வைக்கக் கூடாது, வைக்கவும் மாட்டார். பாதி உலகத்தைப் பிடித்த ஒருவன், சிலையில் மூக்கு உடைந்திருந்ததால், 'மூக்கறையன்' ஆனான். தன்னைத் தானே கடவுளாக அறிவித்துக்கொண்ட ஒரு பேரரசனுக்கு முதல் வரிசைப் பெண் வைத்த சைகை கொஞ்சம் நீளம்: விரல் வானத்தைக் காட்டும், பிறகு சுற்றுமுற்றும் பார்க்கும், யாரும் மறுக்கவில்லை என்று தெரிந்ததும் மெல்ல இறங்கி வந்து தன் மார்பில் நிற்கும். இதைக் கேள்விப்பட்டுப் பேராசிரியர் விழுந்து விழுந்து சிரித்தார். "அதிகாரத்தைப் பத்தி நான் ரெண்டு வாரமா சொல்லிக்கிட்டிருக்கறது இதுதான்" என்று வகுப்பு முழுவதையும் அதைச் செய்யச் சொன்னார்.

பேராசிரியருக்கு மாணவர்கள் வைத்திருக்கும் பெயர் முழக்கம். மெதுவாகப் பேசத் தெரியாத மனிதர். ஒரு படை புறப்பட்டால் மேசை அதிரும், ஒரு கோட்டை விழுந்தால் ஜன்னல் கண்ணாடி அதிரும். அந்தக் குரலுக்குச் சற்றும் அசையாத நான்கு பேர் முதல் வரிசையில் உட்கார்ந்திருப்பது அவருக்கு ஆரம்பத்தில் ஒரு மாதிரியாகத்தான் இருந்தது. போகப் போக அவர்கள் பார்வை பழகிவிட்டது. பின்வரிசைகளில் தூங்கலாம், கண்ணால் கேட்கிறவர்களுக்கு அந்த வசதி இல்லை.

தப்பு நடந்தது முற்றுகைப் பாடத்தில்.

ஒரு பழைய போர்ப்பாட்டில் வருகிற கட்டம் அது. மலைமேல் ஒரு நகரம், உள்ளே ஒரு கிழ மன்னன். வெளியே அவனை முற்றுகையிட்டிருக்கும் இளையவன், தன் கடவுளை ஒரு வண்டியில் ஏற்றிக் கூடவே கொண்டுவந்திருக்கிறான். அந்த நகரத்தைக் கடவுளே தனக்குக் கொடுத்துவிட்டதாகச் சொல்கிறான். உள்ளே தண்ணீர் தீர்ந்துபோகிறது. நகரத்தைக் கொளுத்தப்போகிறார்கள் என்று தெரிந்ததும் கிழவன் வெறுங்காலோடு இறங்கி வந்து, கிரீடத்தைக் கழற்றி வைத்து, எதிரியின் முன் மண்டியிடுகிறான். நகரம் தப்புகிறது. அந்தப் பாட்டில் அதுதான் பெரிய வீரம் என்பது பேராசிரியரின் கட்சி. பாடப்புத்தகத்தில் இந்தக் கட்டம் கிடையாது. அவர் திரையில் காட்டிய பழங்காலத்துக் கற்சிற்பத்திலும் நிற்கிறவனுக்குத் தலை இல்லை, மண்டியிட்டவனுக்கு முகம் இல்லை.

சைகை மொழியில் கதை சொல்லும்போது ஆட்களை முதலில் காற்றில் நிறுத்திவிட வேண்டும்: ஒருவன் வலப்பக்கம், ஒருவன் இடப்பக்கம். ஒருமுறை நிறுத்திவிட்டால் பிறகு பெயரே வேண்டாம், அந்தப் பக்கம் விரலை நீட்டினால் போதும். ஒரே ஆள் ஒரு மணி நேரம் நின்றால் கை ஓய்ந்துபோகும் என்பதால் இருபது நிமிடத்துக்கு ஒருமுறை ஆள் மாறுவார்கள். கையக்காவோடு மாறி மாறி நிற்கிறவர் முப்பது வயதுக்காரர். கையக்கா அவரைத் தம்பி என்று கூப்பிடுவார். ஓய்வில் இருக்கிறவர் வகுப்பிலேயே உட்கார்ந்து, யார் எந்தப் பக்கம் நிற்கிறான் என்று பார்த்துக்கொள்ள வேண்டும். பார்க்கத் தவறினால், கை மாறியதும் இருவரையும் பெயர் சொல்லித் திரும்ப நிறுத்த வேண்டும். புதிதாக வருகிறவர்களுக்குக் கையக்கா முதலில் சொல்லிக்கொடுப்பதே இதைத்தான்.

அன்றைக்குத் தம்பி நின்றுகொண்டிருந்தபோது கணவரின் தொலைபேசி வந்தது. கையக்கா நடைக்கூடத்துக்குப் போனார். "ஏம்மா, பீரோ சாவி எங்க வச்சே?" "சர்க்கரை டப்பாவுக்குப் பின்னால பாருங்க." "பார்த்தேனே, இல்லையே." "இன்னொரு தடவை பாருங்க." இரண்டாவது தடவை கிடைத்தது. திரும்பி வந்தபோது தம்பி கையை உதறிக்கொண்டு காத்திருந்தார், முழக்கம் நகரத்துக்குத் தீப்பந்தம் கொண்டுவந்திருந்தார். கையக்கா ஓடிப்போய் நின்று, யாரையும் பெயர் சொல்லித் திரும்ப நிறுத்தாமல், விட்ட இடத்திலிருந்து பிடித்தார். தம்பி கிழ மன்னனை வலப்பக்கம் நிறுத்தியிருந்தார். கையக்காவுக்கு அந்தப் பாடத்தில் கிழவன் எப்போதும் இடப்பக்கம். பேருந்தில் அப்படித்தான் பழகியிருந்தார்.

எட்டு வாரம் கழித்துப் பருவத் தேர்வு. 'முற்றுகையின் முடிவில் மண்டியிட்டவன் யார்? அச்செயலில் வீரம் எது, பக்தி எது, அதிகாரம் எது?' என்று ஒரு கேள்வி. திருத்தி முடித்த மறுநாள், மொழிபெயர்ப்பாளர்களுக்கு ஒதுக்கியிருந்த மாடிப்படிக்குக் கீழ் அறையில் முழக்கம் வந்து நின்றார். கையில் நான்கு விடைத்தாள்களின் நகல்கள்.

"உங்க பிள்ளைங்க மாட்டிக்கிட்டாங்கம்மா" என்றார். அவருக்கு அதுதான் மெதுவான குரல். "முற்றுகை போட்டவன் கிழவன் முன்னால மண்டியிட்டானாம். நாலு பேரும் எழுதியிருக்காங்க. மத்த நாப்பது பேருல ஒருத்தர்கூட இப்படி எழுதல. ஒருத்தர் உளறலாம். நாலு பேருக்கும் தனித்தனியா ஒரே உளறல் வருமா?"

"காப்பின்னு சொல்றீங்களா சார்?"

"நான் சொல்லலம்மா, தாள் சொல்லுது. புகார் எழுதிக் குடுத்துட்டேன். வெள்ளிக்கிழமை முதல்வர் ரூம்ல விசாரணை. நீங்கதான் வந்து சொல்லணும்."

காப்பி அடித்தது உறுதியானால் ஒரு வருடம் வெளியே நிறுத்திவிடுவார்கள். பையன்களுக்கு அது ஒரு வருடம். முதல் வரிசைப் பெண் ஏற்கெனவே உடம்பு சரியில்லாமல் ஒரு வருடம் இழந்தவள். இன்னொன்று போனால் கல்லூரிச் சட்டப்படி அவளுக்கு இடமே கிடையாது. முழக்கம் போன பிறகு, அவர் வைத்துவிட்டுப் போன நகல்களில் அவளுடையதைக் கையக்கா படித்தார். அவள் மூன்று பக்கம் எழுதியிருந்தாள். ஜெயித்தவன் ஏன் தோற்றவன் முன் மண்டியிட வேண்டும்? படையும் சுவரும் தண்ணீரும் போன பிறகும் ஒருவன் வாசலில் நிற்கிறான் என்றால் அவனைக் காப்பது வேறு ஏதோ என்று வந்தவன் பயந்தான், தான் வண்டியில் கொண்டுவந்த கடவுள் தனக்கு முன்பே உள்ளே போய்விட்டார் என்று அவனுக்குத் தோன்றியது, அதனால் மண்டியிட்டான். படிக்கப் படிக்க, நடக்காத ஒன்று நடந்தது போலவே இருந்தது.

படித்துவிட்டு அவர் எழுந்து நின்று, அந்தக் குறுகிய அறையில் முற்றுகைப் பாடத்தைக் கையால் ஒருமுறை நடத்திப் பார்த்தார். கிழவன் மண்டியிடுகிற இடத்தில் விரல் இடப்பக்கம் போய் நின்றது. மூலையில் உட்கார்ந்திருந்த தம்பியிடம் திரும்பினார்.

"தம்பி, அன்னிக்குக் கிழவரை எந்தப் பக்கம் நிறுத்தின?"

"வலப்பக்கம்க்கா. ஏன்?"

கையக்கா அந்த மூன்று பக்கத்தையும் அவரிடம் நீட்டினார். படித்ததும் தம்பிக்கும் விளங்கியது. "அக்கா, ஒப்பந்தம் வருஷா வருஷம்தான் புதுப்பிக்கறாங்க. இதைச் சொன்னீங்கன்னா அடுத்த வருஷம் உங்களை வைக்க மாட்டாங்க. யோசிச்சுக்கங்க" என்றார். அவர் கெட்டவர் இல்லை. உள்ளதைத்தான் சொன்னார்.

யோசிப்பதற்குக் கையக்கா அண்ணன் வீட்டுக்குப் போனார். அண்ணன் சாயங்காலம் வேலை முடிந்து வந்து, விரல்களில் ஒட்டியிருந்த பசையைச் சுரண்டிக்கொண்டிருந்தார். நடந்ததையெல்லாம் தங்கை சொல்லி முடிக்கும்வரை குறுக்கே கை நீட்டவில்லை. பிறகு சொன்னார்: "காது கேட்கிறவங்க தப்பாப் புரிஞ்சுக்கிட்டா, சொன்னவன் சரியாச் சொல்லலைம்பாங்க. நாங்க தப்பாப் புரிஞ்சுக்கிட்டா, திருட்டும்பாங்க." நாற்பத்தேழு வருடமாக நடுவில் நின்று தங்கை சொன்னதெல்லாம் அண்ணனுக்கு ஒழுங்காகத்தான் போய்ச் சேர்ந்ததா என்று அன்றைக்குத்தான் முதன்முதலாக அவருக்குச் சந்தேகம் வந்தது. அந்தச் சந்தேகம் அவரை மிகவும் வருத்தியது.

வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்கு முதல்வர் அறை. முதல்வர் கண்டிப்பான அம்மாள். பேசும்போது எதிரில் இருப்பவர் முகத்தைப் பார்க்காமல் தாளைப் பார்ப்பவர். முழக்கம் ஒரு பக்கம், நான்கு பிள்ளைகள் எதிர்ப்பக்கம். கையக்கா, பிள்ளைகளுக்குத் தெரியும்படி முதல்வரின் நாற்காலிக்கு அருகில் நின்றார்.

"யாரைப் பார்த்து யார் எழுதினீங்க?"

முதல்வர் கேட்டதைக் கையக்கா கையால் கேட்டார். முதல் வரிசைப் பெண் பதில் சொன்னாள். "யாரையும் பார்க்கல மேடம். வகுப்புல பார்த்ததை எழுதினோம்" என்று கையக்காவின் குரல் வந்தது.

"வகுப்புல சார் அப்படிச் சொல்லவே இல்லையே. யார் சொன்னது?"

அந்தக் கேள்வியைக் கையக்கா ஒரு சொல் குறைக்காமல் கொடுத்தார். பெண் அவரைப் பார்த்தாள். அவளுக்குத் தெரிந்துவிட்டது என்று கையக்காவுக்குப் புரிந்தது. அவள் இரண்டு நாளாக அன்றைய பாடத்தைத் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்திருக்க வேண்டும். ஒரு விரலை நீட்டினால் போதும். அவர்கள் மொழியில் ஆளைச் சுட்டுவது மரியாதைக் குறைவும் இல்லை. அவளோ இரண்டு கைகளையும் இறக்கி மடியில் ஒன்றின்மேல் ஒன்றாக வைத்துக்கொண்டாள். பையன்கள் மூவரும் அவளைப் பார்த்து அப்படியே செய்தார்கள்.

"என்ன சொல்றாங்க?" என்றார் முதல்வர்.

"ஒண்ணும் சொல்லல மேடம்."

"அப்ப ஒத்துக்கறாங்க." முதல்வர் பேனாவை எடுத்தார்.

"இல்ல மேடம். நான் பேசணும்."

முதல்வர் நிமிர்ந்து அந்தப் பெண்ணைப் பார்த்தார். "பேசும்மா. பயப்படாம சொல்லு."

"அந்தப் பொண்ணு இல்ல மேடம். நான். நான்தான் பேசறேன்." இருபது வருடத்தில் அந்தக் கட்டடத்துக்குள் தனக்காகக் கையக்கா பேசியது தேநீரும் விடுப்பும் கேட்டதுதான். "தப்பு என்னோடது. அவங்க சரியாத்தான் எழுதியிருக்காங்க. நான் காட்டினதை எழுதியிருக்காங்க."

மேசையில் தாள் பறக்காமல் வைத்திருந்த கண்ணாடிக் குண்டை வலப்பக்கமும் முத்திரைப் பெட்டியை இடப்பக்கமும் நகர்த்தி வைத்தார். குண்டு கிழ மன்னன், பெட்டி படையெடுத்து வந்தவன், இதுவரை சரி என்றார். பிறகு தான் வகுப்புக்குள் ஓடி வந்ததையும், பார்க்காமல் இரண்டையும் தன் மனதில் இடம் மாற்றிக்கொண்டதையும், கடைசியில் இந்தப் பெட்டியைத்தான் குண்டின் முன்னால் மண்டியிட வைத்ததையும் செய்து காட்டினார். ஒவ்வொரு வாக்கியத்தையும் வாயால் சொல்லிவிட்டு, நின்று, கையாலும் சொன்னார். பீரோ சாவியைக்கூட விடவில்லை.

முழக்கம் முன்னால் குனிந்து அந்த இரண்டு பொருள்களையும் பார்த்துக்கொண்டே இருந்தார். தானும் ஒருமுறை இடம் மாற்றி வைத்துப் பார்த்தார். "அப்ப நடக்காத ஒண்ணுக்கு இந்தப் பொண்ணு மூணு பக்கம் நியாயம் எழுதியிருக்கு" என்றார். மேசை அதிரவில்லை. தன் புகாரை முதல்வரிடமிருந்து வாங்கிக் குறுக்கே ஒரு கோடு போட்டார். அந்த ஒரு கேள்விக்கு மட்டும் திங்கட்கிழமை நால்வரும் மறுபடி எழுதட்டும் என்றார். முதல்வர் தலையசைத்தார். கையக்கா அதைச் சொன்னதும் கடைசியில் இருந்த பையன் நாற்காலியில் அப்படியே சரிந்து உட்கார்ந்தான். பெண் மட்டும் இன்னும் மடியிலிருந்து கையை எடுக்கவில்லை.

முதல்வர் அந்தத் தாளை ஓரமாக வைத்துவிட்டு வேறொரு கோப்பைத் திறந்தார். மேலே கையக்காவின் நியமனக் கடிதம் இருந்தது.

"பிள்ளைங்க விஷயம் முடிஞ்சுது. இனி உங்க விஷயம். நாலு பேர் படிப்போட விளையாடியிருக்கீங்க, இதை நான் அப்படியே விட முடியாது."

இப்போது கையக்கா மொழிபெயர்க்க வேண்டும் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை. நால்வர் கண்ணும் அவர் கையில்தான் இருந்தது. கையக்கா முதல்வரைப் பார்த்து உள்ளங்கையை உயர்த்தி, "ஒரு நிமிஷம் மேடம்" என்றார். பிள்ளைகள் பக்கம் திரும்பினார். முதல்வரைச் சுட்டி, அவரை வலப்பக்கக் காற்றில் நிறுத்தினார். பிறகு விரலால் தன் மார்பைத் தொட்டு, தன்னை எடுத்து இடப்பக்கம் நிறுத்தினார். யார் எந்தப் பக்கம் என்று புரிந்ததா என்று புருவத்தைத் தூக்கிக் கேட்டு, நான்கு தலையும் அசையும்வரை காத்திருந்தார்.

"இப்ப சொல்லுங்க மேடம்" என்றபடி இரண்டு கைகளையும் உயர்த்தினார்.